பதிவேட்டில் ஏறாத அழைப்புகள்

2 ஏப்ரல் 2014, புதன்

கல்லூரி வானொலியின் பதிவேடுகள் பன்னிரண்டையும் நேற்று நூலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். அவற்றில் நேரமும் நிகழ்ச்சியின் பெயரும் இருக்கின்றன, நடந்தது இல்லை. ஆகவே என் சொந்த நாட்குறிப்பிலிருந்து தேவையான நாட்களை மட்டும் இங்கே படியெடுக்கிறேன். வாசிப்பவர் வசதிக்காக வரிசை:

1. நிலையம் தொடங்கியதும் வளர்ந்ததும்.
2. தொலைபேசியில் இருந்த கோளாறு.
3. நான் கொடுத்த அறிக்கையும் அதன் விளைவும்.
4. மார்ச் 6ஆம் தேதி நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் சரியான எண்ணிக்கை.
5. மூடல்.

நான் ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியன். பெயர் நயினார். மேற்கண்டவற்றில் நான்காவதை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். மற்றவற்றில் என் கருத்து பிழைபட்டிருக்கலாம்.

14 மார்ச் 2009, சனி

இன்று காலை பத்து மணிக்குக் 'கரைக்காற்று 90.4' ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆவுடையப்பர் நினைவுக் கல்லூரியின் பழைய சைக்கிள் கொட்டகையை மறித்து இரண்டு அறைகள் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளறையில் ஒலிவாங்கி. வெளியறையில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, நான். காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் பெனிட்டா நிலையப் பொறுப்பாளர். "சார், உங்க எழுத்து சுத்தமா இருக்கும். என்ன ஒலிபரப்பாச்சு, யார் போன் பண்ணாங்க, இவ்வளவுதான் எழுதணும்" என்றார். ஓய்வுபெற்ற மூன்று ஆண்டுகளில் யாரும் என்னிடம் எதையும் எழுதச் சொன்னதில்லை. ஒப்புக்கொண்டேன். சரியாகச் செய்வேனா என்று தெரியவில்லை.

சாதனத்தின் வலிமை ஐம்பது வாட். எங்கள் வீட்டுச் சமையலறை விளக்கு அறுபது. பெனிட்டா விசையை உயர்த்தியதும் என் கையிலிருந்த சிறு வானொலியில் அவருடைய குரல் வந்தது. அது வரும் என்பது எனக்குத் தெரியும், காரணமும் தெரியும். ஆனாலும் கல்லூரி வாசல் தாண்டி, டீக்கடை தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை வானொலியைக் காதில் வைத்தபடியே நடந்தேன். குரல் என்னோடு வரவில்லை. நான் போன இடத்திலெல்லாம் அது முன்பே இருந்தது.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி பிரமு, "பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனீயளே, அப்படியே ரெண்டு தேங்கா வாங்கிட்டு வந்திருக்கலாம்லா" என்றாள்.

22 மார்ச் 2009

கடற்கரைச் சாலைப் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய் வந்தேன். பதினேழு நிறுத்தங்கள், பதினைந்தில் தெளிவாகக் கேட்டது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இரைச்சல் கலந்தது. வரைபடத்தில் அதுவரைக்கும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். அதற்குள் இருப்பவை பெரும்பாலும் உப்பளங்கள். பாத்தி பாத்தியாக நீர், அதில் வானம், இடையில் குனிந்து உப்பு வாரும் பெண்கள். அவர்கள் தலைக்கு மேல் நம்முடைய பாட்டு போய்க்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பேருந்தில் சத்தமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன்.

9 ஜூன் 2009

மாணவிகள் உப்பளத்துப் பெண் ஒருவரைப் பேட்டிக்கு அழைத்து வந்திருந்தார்கள். பெயர் அமலோற்பவம், வயது நாற்பத்தைந்து இருக்கும். கேள்வி கேட்பதற்கு முன்பே அவர் கேட்டார்.

"இது இப்பவே போவுதா, இல்ல பொறவு போடுவியளா?"

நேரடி ஒலிபரப்புதான் என்றார் பெனிட்டா. அமலோற்பவம் ஒலிவாங்கியை நெருங்கி உட்கார்ந்தார். "ஏ அன்னபாக்கியம், தண்ணி வண்டி முக்குல நிக்கி. நான் வரும்போது பாத்துட்டுத்தான் வாரேன். கொடத்தத் தூக்கிட்டு ஓடு, எங்கொடத்தையும் எடுத்துக்க."

மாணவிகள் சிரித்தார்கள். நான் பதிவேட்டில் '10.42, தண்ணீர் வண்டி அறிவிப்பு' என்று எழுதினேன். அந்த அன்னபாக்கியம் கேட்டாரா என்று அறிய வழியில்லை.

1 ஜூலை 2009

அமலோற்பவத்துக்கு அன்றாடம் அரை மணி நேரம் தந்துவிட்டார் பெனிட்டா. 'அளத்துப் பேச்சு', காலை பத்தரை. அளங்களில் கஞ்சி குடிக்கக் கரையேறும் நேரம் அதுதானாம். விடியலில் போய் வேலையைத் தொடங்கி, இடையில் இங்கே வந்து பேசிவிட்டு, மறுபடி பேருந்தில் அளத்துக்குப் போகிறார். எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. முப்பத்தைந்து ஆண்டு வகுப்பு எடுத்தவன் நான். குறிப்பில்லாமல் ஒரு நாளும் மேடை ஏறியதில்லை. கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

6 ஜூலை 2009

தொலைபேசி ஒருமுறை ஒலித்து நின்றது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. சிறிது நேரத்தில் மறுபடியும் அப்படியே.

14 ஜூலை 2009

இன்று பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் பதினோரு முறை. எதிலும் யாரும் பேசவில்லை. இணைப்பில் கோளாறு. தொலைபேசி நிலையத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தேன்; படி கோப்பில் உள்ளது.

20 ஜூலை 2009

லைன்மேன் ஞானப்பழம் வந்து கம்பியை மாற்றினார்.

21 ஜூலை 2009

கோளாறு நீடிக்கிறது.

3 பிப்ரவரி 2010

தண்ணீர் வண்டி வரும் நேரத்தை அமலோற்பவம் நாள்தோறும் சொல்கிறார். வராவிட்டால், "இன்னைக்கும் வரல. டிரைவர் அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்ல போல, எல்லாரும் செபம் பண்ணிக்கிடுங்க" என்கிறார். டிரைவர் இன்று நிலையத்துக்கே வந்துவிட்டார். "எக்கா, எம் மாமனாரு வீட்டுல கேக்காவ. ஏழரைக்கு டான்னு வந்திருதேன், பேரக் கெடுக்காதிய." கேட்கும் ஒரு குடும்பம் உறுதியாயிற்று. நேயர் பட்டியலில் சேர்த்தேன்.

17 மே 2010

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை பத்தே முக்கால். கோடை மழை யாரும் எதிர்பாராதது. அமலோற்பவம் பேச்சின் நடுவே சன்னல் பக்கம் திரும்பினார். தென்கிழக்கில் சிறிய கருப்பு. சொல்லிக்கொண்டிருந்த வேடிக்கைக் கதையை அப்படியே விட்டுவிட்டு, "ஏ பிள்ளைகளா, கஞ்சிய வச்சிருங்க. மழ வருது. ஓலையப் போடுங்க. சிரிக்காதிய, மெய்யாத்தான் சொல்லுதேன்" என்றார். அதையே ஆறு முறை சொன்னார்.

நான் பதினொன்று ஐந்துக்குக் கடற்கரைப் பேருந்தைப் பிடித்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சாலையின் இரு பக்கமும் அம்பாரம் அம்பாரமாக உப்பு. ஒன்றன்பின் ஒன்றாக அவை ஓலைக்குள் மறைந்துகொண்டிருந்தன. மூன்றாவது கிலோமீட்டரில் மூடி முடித்துவிட்டார்கள், எட்டாவதில் மூடிக்கொண்டிருந்தார்கள், பதினொன்றாவதில் பெண்கள் ஓலையைத் தலையில் வைத்து ஓடிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டைத் தாண்டியதும் குவியல்கள் வெள்ளையாகத் திறந்து கிடந்தன. அங்கே மழை எங்களைப் பிடித்தது. கண்ணெதிரே அந்த வெள்ளை கரைந்தது. என் வரைபடத்தில் நான் பென்சிலால் போட்ட வட்டம் தரையில் தெரிந்தது போலிருந்தது. பேருந்தில் நின்றபடியே கைகூப்பிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எந்தக் கோயில் என்று கேட்டார்.

18 மே 2010

நேற்று எழுதியதை மறுபடி வாசித்தேன். மிகை. அளக்காரர்கள் கைபேசியில் தகவல் சொல்லியிருக்கலாம். வானத்தைப் பார்த்து அவர்களே அறிந்திருக்கலாம். எங்கள் அறிவிப்பால்தான் என்று நிறுவ ஆதாரமில்லை. பதிவேட்டில் '10.45, மழை அறிவிப்பு' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

11 அக்டோபர் 2011

பத்தரை ஆனதும் தொலைபேசி தனக்குத்தானே ஒலிப்பதும் நிற்பதுமாக இருக்கிறது. மூன்றாம் முறையாகப் புகார். பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று கருவியின் மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

8 நவம்பர் 2013

கல்லூரிச் செயலர் தில்லைநாயகம் அழைத்திருந்தார். நல்லவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். உரிமம் மார்ச் 13இல் முடிகிறதாம். புதுப்பிப்பதா, அந்த இடத்தில் கணினி ஆய்வகம் அமைப்பதா என்று நிர்வாகக் குழு கேட்கிறதாம்.

"சார், எனக்குக் கதை வேண்டாம். எத்தனை பேர் கேக்கறாங்க? எண்ணிக்கை குடுங்க. நீங்க குடுத்தா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க."

பெருமையாக இருந்தது. எழுதி வைக்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

25 நவம்பர் 2013

அறிக்கை முடிந்தது. நாலே முக்கால் ஆண்டுகளில் கடிதங்கள் 63. பேசிய அழைப்புகள் 212. பேசியவர்கள், திரும்பத் திரும்ப வந்தவர்களை நீக்கினால், 41. முடிவுரை: 'நேயர் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் இல்லை.' தொலைபேசிக் கோளாற்றால் சில அழைப்புகள் தவறியிருக்கலாம் என்று அடிக்குறிப்பு ஒன்று எழுதினேன். சாக்குச் சொல்வது போலிருந்ததால் அடித்துவிட்டேன்.

பெனிட்டா வாசித்துவிட்டு, "நாப்பத்தோரு பேரா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அவர் என் கணக்கைச் சரிபார்க்கவில்லை. யாருமே சரிபார்க்க மாட்டார்கள் என்பது அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது.

24 பிப்ரவரி 2014

லைன்மேன் ஞானப்பழம் நான்காம் முறையாக வந்தார். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வாம். மேசையருகே உட்கார்ந்து, துண்டை எடுத்துவிட்டு, பத்தரை வரை காத்திருந்தார். ஒலித்தது, நின்றது. ஒலித்தது, நின்றது.

"சார், நான் சொன்னா கோவிக்கக் கூடாது. லைன் நல்லாத்தான் இருக்கு. இது மிஸ்டு கால்."

"யாருடையது?"

"ஒங்க ரேடியோவக் கேக்கறவங்களோடது. கேட்டுக்கிட்டு இருக்கோம்னு ஒரு அடி அடிச்சுட்டுக் கட் பண்ணுதாங்க. காசு போவாதுல்லா. என் வீட்டுக்காரியும்தான் அடிக்கா."

"நான்கு முறை வந்தீர்கள். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"புரொபசரு எழுதிக் குடுத்திருக்காருன்னா ஏதோ இருக்கும்னு கம்பிய மாத்திட்டுப் போனேன் சார்."

அமலோற்பவம் வெளியே வந்ததும் கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நான்தான் அளத்துல சொல்லி வச்சேன். கேக்குதவிய ஒரு அடி அடிங்க, வெளிய ஒரு சாரு உக்காந்து எல்லாத்தையும் எழுதுதாவன்னு. நீங்க எழுதிக்கிட்டேதான சார் இருந்திய?"

"நான் எழுதியது புகார், அம்மா."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப அஞ்சு வருசமா அவளுவ அடிச்சது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேருந்துக்குப் போனார்.

25, 26 பிப்ரவரி 2014

இரண்டு நாளும் செயலர் அறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

27 பிப்ரவரி 2014

உள்ளே போனேன். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டேன்.

"ஐயா, என் அறிக்கை தவறு."

"எந்தப் பக்கம்?"

"முழுவதும்."

விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் கேட்டது எண்ணிக்கை. நீங்க குடுத்தீங்க. இப்ப அதையே இல்லைங்கறீங்க. எதை நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாம். ஒரு நாள் பத்தரைக்கு வந்து என் மேசையில் உட்காருங்கள்."

இதைச் சொன்னது நான்தானா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

6 மார்ச் 2014, வியாழன்

செயலர் வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் புதிய தாளில் கோடு போட்டு வைத்திருந்தேன். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. அமலோற்பவம் தொடங்கினார்.

"ஏ பிள்ளைகளா, இன்னைக்குப் பாட்டு இல்ல. செக்ரட்டரி ஐயா இங்க வந்து உக்காந்திருக்காவ. நம்மள ஒருத்தரும் கேக்கலன்னு கணக்கு சொல்லுதாம். கேக்குதவிய எல்லாரும் ஒரு அடி அடிச்சு வைங்க. ஆளுக்கு ஒண்ணுதான். கள்ள ஓட்டுப் போடக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. செயலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒலித்தது. நின்றது. ஒரு கோடு போட்டேன். கோட்டை இழுத்து முடிப்பதற்குள் அடுத்தது. பிறகு அடுத்தது. நான்கு கோடு, குறுக்கே ஒன்று; நான்கு கோடு, குறுக்கே ஒன்று. பத்தாவது கட்டுக்குப் பிறகு நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு ஒலிக்குப் பின்னாலும் ஒரு கை. உப்பில் வெடித்த விரல். கஞ்சித் தூக்குவாளியின் பக்கத்தில் ஒரு கைபேசி. ஒரு சொல்லும் பேசாமல் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடல் இந்த அறைக்குள் மணி வழியாக நுழைகிறது என்று தோன்றியது. இவ்வளவு பேர் ஐந்து ஆண்டுகளாக இந்தத் துண்டுக்கு அடியில் இருந்திருக்கிறார்கள்.

நூறு தாண்டியதும் செயலர் கருவியின் மேல் கையை வைத்தார். அது அதிர்வதை அறிந்துகொள்ளத்தான் வைத்தாரோ என்னவோ. பதினோரு மணி வரை கையை எடுக்கவில்லை.

மொத்தம் 287.

செயலர் எழுந்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் வேலாண்டியை அங்கேயே வரவழைத்து, "ரேடியோ உரிமத்தைப் புதுப்பிக்கற விண்ணப்பத்தை இன்னைக்கே அனுப்புங்க" என்றார்.

வேலாண்டி என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஐயா, அது டிசம்பர் பதிமூணோட போச்சுங்களே. முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடி அனுப்பணும். நயினார் சார் அறிக்கையப் பாத்துட்டு நீங்கதான் 'தேவையில்லை'ன்னு கையெழுத்துப் போட்டீங்க."

உள்ளே அமலோற்பவம் கண்ணாடி வழியாக என்னிடம் விரலால் கேட்டார்: எத்தனை? தாளைத் தூக்கிக் காட்டினேன். அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மற்றதை அவருக்குச் சொல்ல இன்று எனக்குத் துணிவில்லை.

7 மார்ச் 2014

சொன்னேன். "உங்க கணக்காலயா சார்?" என்றார். ஆமாம் என்றேன். சரி என்று உள்ளே போய் அரை மணி நேரம் வழக்கம்போல் பேசினார். வெளியே வந்தபோது என்னிடம் பேசவில்லை.

10 மார்ச் 2014

டெல்லியில் உரிமம் தரும் அமைச்சகத்தோடு செயலர் பேசிப் பார்த்தார். புதிதாக விண்ணப்பிக்கலாமாம்; இரண்டு மூன்று ஆண்டு ஆகலாமாம். அதுவரை கொட்டகை சும்மா கிடக்காது. கணினிகள் வந்துவிட்டன.

13 மார்ச் 2014, வியாழன்

கடைசி நாள். பெனிட்டா மலர் வாங்கி வைத்திருந்தார். பேச வேண்டியதை எழுதித் தரட்டுமா என்று அமலோற்பவத்திடம் கேட்டார். அவர் வேண்டாம் என்றார். வழக்கம்போல் யாருடைய மகள் பரீட்சை எழுதுகிறாள், யாருக்குக் கால் புண் ஆறியது, எந்தப் பாத்தியில் உப்பு திரண்டுவிட்டது என்று பேசிக்கொண்டே போனார். பதினொன்றாக ஒரு நிமிடம் இருந்தது.

"நாளைக்குத் தண்ணி வண்டி ஏழரைக்கு. நாளான்னைக்கும் ஏழரைக்குத்தான். அதுக்குப் பொறவு நான் சொல்ல மாட்டேன், நீங்களே ஏறிட்டுப் பாத்துக்கிடுங்க. மேகத்தையும் பாத்துக்கிடுங்க. வச்சிருதேன்."

தொலைபேசி வைப்பவரைப் போல 'வச்சிருதேன்' என்றார். பெனிட்டா விசையை இறக்கினார். என் கையிலிருந்த வானொலியில் இரைச்சல் எழுந்தது. நிலையம் இல்லாத இடத்தில் எப்போதும் இருப்பது அதுதான். ஐந்து ஆண்டுகளாக நாம் அதை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்திருந்தோம். நெடுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டில்: '11.00, ஒலிபரப்பு நிறைவு.'

27 ஏப்ரல் 2014, ஞாயிறு

படியெடுத்து முடித்ததை அமலோற்பவத்திடம் காட்டிவிட்டு நூலகத்துக்குக் கொடுப்பதே முறை என்று தோன்றியது. வேலை நாளில் போய் இடைஞ்சல் செய்யத் தயங்கி ஞாயிறு வரை காத்திருந்தேன். இன்றும் வேலை உண்டு என்று பிரமு சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ரேடியோவுல முந்தி அவ சொல்லித்தான்" என்றாள். என் வீட்டையும் நான் எண்ணவில்லை.

பத்தரை மணிக்கு அவர்கள் கரையேறினார்கள். உப்புக் குவிக்கும் மேட்டின் நிழலில் தூக்குகளோடு உட்கார்ந்திருந்த பெண்களை எண்ணினேன்: அமலோற்பவம் நீங்கலாக முப்பத்துநான்கு. அமலோற்பவம் என்னைக் கண்டு எழுந்தார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். "வெயில்ல ஏன் சார் நிக்கிய, இங்கன வந்து உக்காருங்க" என்று இடம் விட்டார். வாசிக்கச் சொன்னார். மார்ச் 6ஆம் தேதியை மட்டும் வாசித்தேன். எண்ணிக்கை வந்ததும் ஒரு பெண் குறுக்கிட்டார். குடத்தோடு தண்ணீர் வண்டிக்கு ஓடச் சொல்லப்பட்ட அன்னபாக்கியம் அவர்தான்.

"எரநூத்து எம்பத்தேழா? அதுல நான் கெடையாதே!"

"நீங்கள் அன்று கேட்கவில்லையா?"

"கேக்காம? அடிச்சேன், அடிச்சேன், வெரல் தேஞ்சு போச்சு. எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வந்துச்சு. கஞ்சியும் குடிக்கல."

"எனக்கும் அப்படித்தான்" என்றார் இன்னொருவர்.

"எனக்கு ஒரு தடவ போச்சு" என்றார் மூன்றாமவர். மற்றவர்கள் அவரை அடிக்கப் போவது போலத் திரும்பினார்கள். "ஆமா, ஒனக்கு மட்டும் போவும், செக்ரட்டரிக்குச் சொந்தக்காரி!"

யாருக்கெல்லாம் இணைப்பு கிடைத்தது என்று கை தூக்கச் சொன்னேன். முப்பத்துநான்கு பேரில் இரண்டு கைகள்.

அங்கேயே தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். ஒரு ஒலிக்கும் அது விட்டுப்போவதற்குமாக ஆறு நொடி. 287 முறைக்கு 1,722 நொடி. அரை மணி நேரம் என்பது 1,800. அன்று அந்தக் கம்பியில் மூச்சுவிடக்கூட இடம் இருந்திருக்காது. நான் எண்ணியது கேட்டவர்களை அல்ல; ஒரு தொலைபேசி அரை மணி நேரத்தில் எத்தனை முறை ஒலிக்க முடியும் என்பதை. முதலாண்டு மாணவன் இப்படிச் செய்திருந்தால் நான் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

முப்பத்துநான்கில் இரண்டு என்றால் பதினேழில் ஒன்று. 287ஐப் பதினேழால் பெருக்கத் தொடங்கினேன். ஒரே மேட்டை வைத்துப் பெருக்குவது முறையல்ல என்று நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தேன். மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டாவது கிலோமீட்டர் வரை வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நிழலிலும் புடவை நிறங்கள் தெரிந்தன. எண்ணிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகவே இந்தப் படியின் முதல் பக்கத்தில் உள்ள நான்காவது குறிப்பு தவறு. அதை மட்டுமே உறுதியாகச் சொல்வேன் என்று எழுதியிருந்தேன். மார்ச் 6ஆம் தேதி எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாது.